மஞ்சள் புள்ளி

இரண்டும் ஒரே அளவுதான். ஒன்றைவிட ஒன்று ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. பிறகு எதற்கு மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றுகிறது.

சமையலறை ஜன்னல் விளிம்பிலிருந்த கண்ணாடி ஜாடியை அவள் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாளாக மழை. குவாரி இருந்த மலையின் மேல்பாதியை மேகம் தின்றுவிட்டிருந்தது. ஜாடிக்குள் இளமஞ்சள் நிற பிரேக் ஆயிலில் இரண்டு கறுப்பு ரப்பர் கப்புகள் அடியில் உட்கார்ந்திருந்தன. ஒன்றில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. அது கம்பெனிச் சாமான். நூல் கட்டாதது, கொழுந்தன் புதிதாக வாங்கிவந்த சரக்கில் ஒன்று.

கட்டைவிரல் நுனிக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும் அந்தக் கப்பு. ஜீப்பின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு உண்டு. பிரேக்கை மிதித்தால் ஆயில் கப்பைத் தள்ளும், கப்பு பிரேக் ஷூவைத் தள்ளும், ஷூ சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை அழுத்தும், சக்கரம் நிற்கும். காலை எடுத்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மட்டமான ரப்பர் ஆயிலைக் குடித்துக் குடித்து ஊதிவிடும். ஊதினால் திரும்பாது. மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். டிரம் கொதிக்கும், ஆயில் கொதிக்கும், கடைசியில் உண்மையாக மிதிக்கிறபோது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதெல்லாம் அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த முதல் இரண்டு வருடம் அவளுக்குச் சமையலறை மட்டும்தான். ஒருநாள் கைதவறிப் பிரேக் ஆயில் கிண்ணத்தில் விழுந்த ஒரு டூப்ளிகேட் கப்பு, மூன்றாம் நாள் பார்த்தபோது வண்டு மாதிரி உப்பிக் கிடந்தது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு போய்க் கணவனிடம் காட்டினாள். அடுத்த வாரம் ஸ்டோர் சாவியைக் கொண்டுவந்து அடுப்புத் திட்டில் வைத்துவிட்டுப் போனான். அவன் பாராட்டுவது அப்படித்தான்.

அன்றிலிருந்து பதிமூன்று வருடமாக இதுதான் முறை. புதுச்சரக்கு எது வந்தாலும் அதில் ஒன்று, பச்சை அட்டைப்பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் கம்பெனிச் சரக்கில் ஒன்று, இரண்டும் ஒரே ஜாடியில் மூன்று நாள். புதியது பெரிதாகிவிட்டால் சரக்கு முழுக்கத் திரும்பிப் போகும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் மாட்டலாம். மாட்டியதும் அவளே தூரிகையோடு வெளியே வந்து, சக்கரத்துக்கு உள்பக்கத் தகட்டில் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பாள். எப்போது சக்கரத்தைப் பிரித்தாலும் பழைய புள்ளியைச் சுரண்டிவிட்டுப் புதுப்புள்ளி வைக்க வேண்டும். குவாரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர்கள் வண்டி எடுக்க வந்தால் குனிந்து அதைத்தான் பார்ப்பார்கள். அப்புறம்தான் சாவி.

இந்தச் சரக்கை மூன்று வாரத்துக்கு முன்னால் இப்படியே சோதித்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கக் கண்டு, நான்கு ஜீப்புக்குப் புள்ளி வைத்தாள். அந்த இரண்டு கப்பும் இன்னும் கிடக்கும் ஜாடியைக் கழுவிக் கவிழ்க்க மறந்துபோனது அவள் அதிர்ஷ்டமா, கெட்ட நேரமா என்று இப்போது தெரியவில்லை.

காலையில் டிரைவர் ஒத்தக்கண்ணாடி வண்டியோடு வந்ததிலிருந்துதான் இந்தச் சந்தேகம். அவனுடைய ஜீப்பில் இடப்பக்கக் கண்ணாடி எட்டு வருடத்துக்கு முன்னால் பாறையில் உரசிப் போயிற்று. மாட்டவே இல்லை. கேட்டால், "எடப்பக்கம் பூராவும் பள்ளம்தானே. அதைப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்" என்பான்.

"அக்கா, மாமியார் வீட்டுலேர்ந்து கெளம்புற மருமகன் மாதிரி வண்டி நகர மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். "ஒரு தீய்ஞ்ச நாத்தம் வேற. பின்னாடி உக்காந்த பொம்பளைங்க, நான்தான் குளிக்கலைன்னு ஒரே ஏச்சு."

தேநீர் கொண்டுபோனவள் பின்சக்கரத்து டிரம்மில் நாலு சொட்டு நீரைத் தெளித்தாள். சுரீர் என்று ஆவியாகிப் போயிற்று. மழையில் நனைந்து வந்த வண்டி. கணவன் அதைப் பார்த்தான். அவள் பார்த்ததையும் பார்த்தான். "அட்ஜஸ்ட்மென்ட் டைட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இழுத்தான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒத்தக்கண்ணாடியை அனுப்பிவிட்டார்கள்.

இரண்டும் ஒரே அளவுதான் என்று இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள். கரண்டியால் நூல் கட்டியதை எடுத்து, துணியில் துடைத்து, கட்டைவிரலில் மாட்டினாள். ஜாடியில் போடுமுன் இப்படி மாட்டிப் பார்ப்பது வழக்கம், எடுத்தபின் மாட்டியதில்லை. கம்பெனிக் கப்பு நகத்தின் அடியில் வந்து நின்றுவிடும், பதிமூன்று வருடமாக அங்கேதான் நின்றிருக்கிறது.

இது நிற்கவில்லை. கணுவைத் தாண்டி வழுவழுவென்று இறங்கியது. கையைக் கீழே சாய்த்ததும் தானாகக் கழன்று அடுப்புத் திட்டில் விழுந்தது.

மற்றதை எடுத்தாள். அதுவும் இறங்கியது.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, தீயைத் தணித்தாள். விரல் இளைத்துவிட்டதா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். மனது தப்பிக்க எந்தச் சந்தில்தான் நுழையாது.

ஸ்டோர் அறை அலமாரியில் பச்சைப் பெட்டி இருந்தது. மேலே கம்பெனி முத்திரை. ஓரங்கள் கைபட்டு மழுங்கியிருந்தன. உள்ளே வரிசையாகக் கப்புகள். ஒன்றை எடுத்து, மூடிய பெயின்ட் டப்பாவின்மேல் கிடந்த தூரிகையின் பக்கத்தில் வைத்தாள். தூரிகை நழுவிப் பெயின்டுக்குள் விழாமலிருக்க, அதன் காம்பில் பழைய கம்பெனிக் கப்பு ஒன்றை அவள் என்றோ செருகி வைத்திருந்தாள். கம்பெனிக் கப்பென்றால் உள்பக்கம் எறும்பு அளவில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். பெட்டியிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். மழமழவென்று இருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. பதினொன்றையும் பார்த்தாள்.

ஒரே சரக்கிலிருந்து இரண்டை எடுத்து ஒன்றுக்கு நூல் கட்டியிருக்கிறாள். இரண்டும் சேர்ந்து ஊதின. வித்தியாசம் வருகிறதா என்று மட்டும் பார்க்கத் தெரிந்தவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இன்னொன்றும் இப்போது ஞாபகம் வந்தது. கோடைத் தொடக்கத்தில் இந்தப் பெட்டியில் எட்டுதான் இருந்தன. அடுத்த முறை திறந்தபோது நிறைந்திருந்தது. கம்பெனிக்காரன் அனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. நிறைந்த பெட்டியைப் பார்க்க நன்றாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் கை கழுவி வரும்போது மணி மூன்று. கணவன் சுவரோரம் உட்கார்ந்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாத கை. கொழுந்தன் மழைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் தட்டை அவனே எடுத்துக்கொண்டான். உதிரிப் பாகங்கள் வாங்கிவருவது அவன் வேலை. ஊர் ஊராகக் கடைவீதி சுற்றுகிறவன், நாக்கு சும்மா இருக்காது.

அவள் சோறு வைத்தாள். முட்டைப் பொரியலை வைத்தாள். பிறகு கேட்டாள்.

"பச்சைப் பெட்டியில இருக்கறது எப்ப வந்தது?"

"எந்தப் பெட்டி?" என்றான் கணவன்.

"நம்ம வீட்டுல பச்சைப் பெட்டி எத்தனை இருக்கு?"

கொழுந்தன் சிரித்தான். "சோறு போடுறப்பவாவது பார்ட்ஸ் பேசாதீங்க அண்ணி. விட்டா முட்டைக்கும் புள்ளி வெச்சுட்டுதான் தருவீங்க போல."

"முட்டை கெட்டுப்போனா நாறும் தம்பி. தெரிஞ்சுடும். நீங்க வாங்கிட்டு வந்தது அப்படி இல்ல."

"அதைக் கெட்டுப்போனதுன்னு யார் சொன்னா? டூப்ளிகேட்டுன்னு சொல்லாதீங்க, மாத்து பார்ட்ஸுன்னு சொல்லுங்க. ஊர்ல பாதி வண்டி அதுலதான் ஓடுது."

"மீதிப் பாதி?"

கொழுந்தன் வெங்காயத்தைக் கடித்தான். கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"குவாரி மானேஜர் வண்டிக்குப் போட்டேன்" என்றான் கடைசியில். "எட்டு இருந்துச்சு. அந்தாளு ஒரிஜினல்தான் வேணும்னு நின்னான். போட்டுட்டேன்."

"பெட்டி நெறைஞ்சு இருக்கே."

"காலியா இருந்தா நீ கேப்ப."

அவள் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள்.

"கேக்கறதுக்குத்தானே என்னை வெச்சிருக்கீங்க."

"கேட்டா என்னத்தைச் சொல்றது? இந்த மாடலைச் செய்யறதையே நிறுத்தி அவனுக்கு எத்தனை வருஷம் ஆச்சு. ஒரு டஜன் கப்புக்கு நாலு ஊர் அலையணும். குவாரிக்காரன் காத்துட்டு இருப்பானா? கீழ ஊர்ல புதுசா ஒருத்தன் பட்டறை போட்டுட்டு, எப்படா இவனுங்க முடிப்பாங்கன்னு பாத்துட்டு நிக்கறான். இந்த நாலு வண்டி போனா நமக்கு வேற என்ன இருக்கு சொல்லு. டிராக்டருக்குப் பஞ்சர் ஒட்டிட்டு உக்காந்துருக்கணும்."

எல்லாம் உண்மைதான். அவன் சொல்வதில் எதுவும் பொய் இல்லாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் வேறு மாதிரி. இவன் அவளுடைய ஜாடியை அவளைப்போலவே தெரிந்தவன். எதை மாற்றினால் அது வாயைத் திறக்காது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பெட்டியில் கப்புகளை அடுக்கும்போது அவள் சமையலறையில் என்ன செய்துகொண்டிருந்தாளோ. அவனுக்குத்தான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாளோ.

"மாட்டினதைக்கூட விடுங்க" என்றாள். "என் ஜாடிக்குள்ள கைய விட்டுட்டீங்க."

அவன் சோற்றில் கிடந்த மிளகாயை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

"மத்த மூணு வண்டி எங்க?"

"மேலதான். ஷிப்டு முடிஞ்சு நாலு மணிக்கு எறங்கும்."

"போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க."

"வளைவு தாண்டினா அவனுங்க போன் எடுக்காது, உனக்குத் தெரியாதா? குவாரி கேட்டுல ஒரு போன் இருக்கு. அந்த நம்பர் ஓட்டறவங்ககிட்டதான் இருக்கும்." தட்டை நகர்த்தி வைத்தான். "போட்டு என்னன்னு சொல்றது? எங்க ஆளு சோதிச்சதுல கோளாறுன்னா? மூணு வாரமா ஓடுதே, ஒண்ணும் ஆகலையே."

"மூணு வாரமா ஊதிட்டு இருக்கு. இன்னிக்கு மழை வேற. ஏறும்போது ஒண்ணும் தெரியாது. எறங்கும்போது பதினாறு வளைவு, பின்னாடி பதினாலு பேரு, கால பிரேக்குலேர்ந்து எடுக்கவே முடியாது."

"அண்ணி, அவனுங்க கியர்லயே எறக்கிடுவானுங்க. மலையிலேயே பொறந்தவனுங்க" என்றான் கொழுந்தன். ஆனால் இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

கணவன் எழுந்து கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே பட்டறைக் கதவருகே நின்று பேசினான். குரல் தணிந்திருந்தது. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பத்து நாள் குடு. ஒரிஜினலுக்குச் சொல்லி வெச்சாச்சு. வந்ததும் நாலு வண்டியையும் பிரிச்சு மாத்திடறேன். யாருக்கும் தெரிய வேணாம். ஒத்தக்கண்ணாடி வண்டிக்கு ஷூவைத் தளர்த்தி விட்டுட்டேன். சக்கரம் பூ மாதிரி சுத்துது பாரு."

"பெடல்?"

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும்."

"ரெண்டாவது மிதி மிதிக்க ரோட்டுல எடம் இருக்கணுமே."

ஸ்டோருக்குள் போய்ப் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்தான். மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பினான். மேலே படிந்திருந்த ஆடையை ஒதுக்கி, தூரிகையைத் தோய்த்து, சொட்டாமல் விளிம்பில் வழித்து, அவளிடம் நீட்டினான். இத்தனை வருடத்தில் அவன் அவளுக்கு இப்படி எதையும் தயார் செய்து கொடுத்ததில்லை.

"பழைய புள்ளியெல்லாம் சொரண்டியாச்சு. ஒரு சக்கரத்துக்கு ஒண்ணு. நாலே நாலு புள்ளி. அது இல்லாம அவன் சாவிய வாங்க மாட்டான்."

"இதுக்கு எதுக்கு அண்ணி, குடுங்க நான் வெச்சுடறேன்" என்று கொழுந்தன் கை நீட்டினான்.

"நீ வெச்சா தெரிஞ்சுடும்" என்றான் கணவன். "இவ எடக்கைக்காரி. இவ புள்ளிக்கு ஒரு வாலு இருக்கும். அவனுங்க அதைத்தான் பாப்பானுங்க."

அவளுக்கே தெரியாத விஷயம் அது. தன் புள்ளிக்கு வால் உண்டு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. மலையேறி இறங்குகிறவர்கள், முகம் தெரியாத கல் சலிக்கும் பெண்களைச் சுமந்துகொண்டு போகிறவர்கள், அந்த வாலைத் தேடிக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். கணவனும் பார்த்திருக்கிறான். பதிமூன்று வருடம் பார்த்து வைத்திருந்ததை இன்றைக்கு, இதற்காகச் சொல்கிறான். கண்ணில் நீர் வரும் போலிருந்தது. வரவில்லை.

தூரிகையை வாங்கிக்கொண்டாள். பட்டறைக்குள் போனாள். தகரக் கூரைமேல் மழை இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜீப் நான்கு சக்கரத்திலும் இறங்கி நின்றது. பின்சக்கரத்தருகே குந்தினாள். தகட்டில் சுரண்டிய இடம் மட்டும் பளிச்சென்று வெறும் இரும்பாக இருந்தது. பின்பக்க பெஞ்சுக்கடியில் யாரோ ஒரு பெண் மறந்துவிட்டுப் போன குடை கிடந்தது. கைப்பிடி உடைந்து, அதில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. துணியின் முடிச்சு அழகாக இருந்தது. நிதானமான ஆள் போலிருக்கிறது, அவசரமில்லாமல் முடிந்திருக்கிறாள். அவள் இப்போது மேலே, வேறு வண்டிக்காக மழையில் நின்றிருப்பாள்.

தூரிகை நுனியில் மஞ்சள் திரண்டு கனத்துத் தொங்கியது.

"அக்கா, என் குதிரைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" ஒத்தக்கண்ணாடி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். சாக்கை உதறினான். "மேல மழைன்னா மழை, பேய் மழை. வழியில மண்ணு சரிஞ்சிருக்காம். மூணு வண்டியும் இன்னிக்கு எடது ஓரத்தை ஒட்டிதான் எறங்கணுமாம்."

அவன் பழக்கப்படி குனிந்து சக்கரத்துக்கு உள்ளே பார்த்தான். பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தான்.

"சொரண்டிட்டீங்க. புதுசு எங்க?"

"வெச்சுட்டே இருக்கா" என்றான் கணவன். "இப்பதான் முடிஞ்சுது வேலை. வை."

அவள் தூரிகையைப் பார்த்தாள். அதன் காம்பிலிருந்த பழைய கப்பைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு எழுந்தாள். மேஜையிலிருந்த பழந்துணியில் தூரிகையைத் துடைத்தாள். ஒரு முறை, இன்னொரு முறை, மஞ்சள் போகும்வரை.

"இந்த வண்டிக்குப் புள்ளி கெடையாதுப்பா" என்றாள். "மத்த மூணுக்கும் கெடையாது. மூணு வாரத்துக்கு முன்னாடி வெச்சது தப்பு. நான்தான் வெச்சேன். பெட்டி எப்படி நெறைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல."

ஒத்தக்கண்ணாடி அவளைப் பார்த்தான். அவள் கணவனைப் பார்த்தான். கொழுந்தன் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை எதற்கோ எடுத்து, எதற்கோ மறுபடி மாட்டினான். அவன் முகத்திலிருந்தே ஒத்தக்கண்ணாடிக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நான்குக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவனுடைய ஈரக் கை மேல்பாக்கெட்டில் போனைத் தேடியது.

"குவாரி கேட்டுக்கா?"

அவள் தலையசைத்தாள்.

அவன் வாசல் பக்கம் திரும்பி நின்று எண்களை அழுத்தினான். விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

கணவன் அவளருகே வந்தான். தோளைத் தொட்டுப் பேசுகிற தூரம். தொடவில்லை.

"வேணாம்னு சொல்லு" என்றான் மெதுவாக. "இன்னிக்கு ஒரு நாள் எறங்கட்டும். எறங்கினப்புறம் நானே சொல்லிடறேன், என் வாயால. நான் சொன்னா அவன் நிறுத்த மாட்டான். நீ சொன்னா போனை வெச்சுடுவான். ஒரு வார்த்தை சொல்லு."

அவன் கண்களில் கெஞ்சல் இருந்தது. அதை அவள் முன்பு பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் எத்தனையோ விஷயங்களுக்குச் சரி என்று சொல்லியிருப்பாள்.

வாசலில் ஒத்தக்கண்ணாடி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றான். மலை இருந்த இடத்தில் மழைதான் இருந்தது. மணி போய்க்கொண்டேயிருப்பது அவன் நிற்கும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

அவள் பெயின்ட் டப்பாவின் மூடியைப் பொருத்தி, நான்கு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினாள்.

"மாட்டேங்க" என்றாள்.